எனக்காகக் கோபப்பட்டவள்

என்னைத் தெரிந்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். பொறுமைசாலி. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா சொன்னது அதைத்தான். கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் டைப்பிங் கடை முதலாளி, புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வதும் அதைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வாய் கசக்கும். எனக்கு ஏது பொறுமை? என் பங்குக் கோபத்தையும் சேர்த்துப் பட ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

அவளை யாரும் பார்த்ததில்லை. ஐந்தாறு வயதில் நானே எனக்காக உண்டாக்கிக்கொண்டவள் அவள். தனியாக விளையாடும் குழந்தைகள் பலருக்கும் இப்படி ஒரு கூட்டாளி இருப்பதுண்டு, பள்ளிக்கூடம் போய் நாலு பேரோடு பழகியதும் தானாக மறைந்துவிடும் என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொன்னார். என்னுடையவள் மறையவில்லை. எனக்கு இப்போது நாற்பது ஆகப்போகிறது. அவளுக்கும்தான். பெயர் மட்டும் கிடையாது. கூப்பிடும் தூரத்துக்கு அவள் போனதே இல்லை, பிறகு பெயர் எதற்கு?

என்னைவிட அரைச்சாண் உயரம். நடந்தால் மண் அதிரும் என்பது போல நடப்பாள். குந்தினால் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டுதான் குந்துவாள், எதிரில் யார் இருந்தாலும் சரி. முன்நெற்றியில் நரை விழுந்திருக்கிறது, மை பூசமாட்டாள். யாராவது "போவட்டும் வுடு" என்று சொல்லிவிட்டால் போதும், கைவிரலை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பாள். எல்லா விரலும் நெட்டி முறிந்த பிறகு ஒரே ஒரு சொல் வரும்.

"அதெப்புடி?"

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்னை இத்தனை வருஷம் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள்.

முதலில் அவள் வந்தது சித்தி வீட்டில். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போய்விடுவார்கள். ஆலை ஓடுகிற மாதமெல்லாம் அவர்களுக்குத் தோட்டத்து ஓரத்துக் குடிசைதான் வீடு. என்னைக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்த சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். சித்தியும் கூலிக்குப் போகிறவள். வீட்டுக்குப் பின்னால் சுவர் கட்டாத கிணறு ஒன்று இருந்தது. அதில் விழுந்து தொலைப்பேன் என்று பயந்து, காலையில் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். ஒரு தட்டில் சோறு, ஒரு சொம்பில் தண்ணீர். ஒருநாள் சோறு வைத்தவள் தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள்.

சித்திரை வெயில். தகரக் கூரை. மதியத்துக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடத்தைச் சாய்த்துப் பார்த்தேன், சொட்டு இல்லை. அப்போதுதான் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் அவள் குந்தியிருந்தாள். ஒட்ட வெட்டிய தலை. முட்டியில் ஒரு காய்ந்த புண், அதன் பொருக்கை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, ஏதோ ரொம்ப நாள் பழகியவள் மாதிரி, "கதவ ஒத" என்றாள்.

"சித்தி திட்டும்."

"ஒத. கத்து. தெருவுல யாரும் இல்லியா இன்னா?"

நான் உதைக்கவில்லை, கத்தவும் இல்லை. அவள்தான் உதைத்தாள். சாயந்திரம் வரை உதைத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. சித்தி வந்து பூட்டைத் திறந்தபோது நான் உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, உள்ள ஒரு கொழந்த இருக்கற சத்தமே கேக்கல?" என்றாள்.

"அது அழுவவே அழுவாதுக்கா. தங்கமான புள்ள."

சித்தி தண்ணீரை வாயில் ஊற்றும்போதே எனக்கு நெட்டி முறியும் சத்தம் கேட்டது. "அதெப்புடி?" என்றாள் அவள். "தண்ணி வெக்காத போனது அவங்க. கத்தாத செத்தா நீ தங்கமா?"

சித்தி கெட்டவள் இல்லை. இப்போது யோசித்தால் அவளுக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். இதை நான் நியாயமாகச் சொல்கிறேன். என்னுடையவளிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள். "மறந்ததுக்கும் தண்டன உண்டு" என்பாள்.

அவளுடைய குணமே அதுதான். எதையும் மறக்கமாட்டாள். யாரையும் விடமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் சீக்கிரம் போகவேண்டும். வகுப்பைப் பெருக்கவேண்டும், டீச்சருக்குக் குடிக்கத் தண்ணீர் தூக்கி வைக்கவேண்டும். மற்ற தெருப் பிள்ளைகள் மணி அடித்த பிறகு வந்து, நாங்கள் பெருக்கி வைத்த தரையில் புத்தகப்பையைப் போட்டுக் குந்துவார்கள். யாரும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கேட்கவில்லை. நான் துடைப்பத்தைப் பிடித்தால் அவள் நேராகப் போய் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் காலைப் போடுவாள்.

ஒருநாள் டீச்சர் வந்து நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அவள் மடியிலேயே உட்காரப்போக, எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"யாரப் பாத்துச் சிரிக்கிற?"

பொய் சொல்லத் தெரியாத வயசு. "ஒங்க சேர்ல அவ குந்திக்கினு இருக்கா டீச்சர்" என்றேன்.

அறை விழுந்தது. அது பெரிதில்லை. மறுநாள் ஊரே என்னைப் பார்த்து ஒதுங்கியது. புளியந்தோப்பு வழியாகத் தனியாக வந்தபோது காற்று அடித்துவிட்டது என்றார்கள். செய்தி கரும்புத் தோட்டம் வரை போய், அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தார். அம்மா அழுதுகொண்டே வந்தாள். என்னை மலையடிவாரத்தில் பேயோட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள்.

அந்த ஆளின் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை, கேட்டால் மீசை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பது வரைக்கும் சொல்வாள். என் முடியைப் பிடித்து மரத்தில் முடிச்சுப் போட்டார். முதலில் வேப்பிலை, பிறகு புளிய விளாறு. "யாரு நீ? சொல்லு. போறியா இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். எட்டு வயசுப் பிள்ளையை. சுற்றிலும் பெரியவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைகட்டிக்கொண்டு.

"போறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கற்பூரம் காட்டினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகு எரிந்ததால் நான் சாயாமல் குந்தியிருந்தேன். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒன்ன அடிக்கறதப் பாக்க வேலய வுட்டுட்டு வந்தாரே, பூட்டி வெச்சிருந்தப்போ ஒருநாளாவது வந்தாரா? அதெப்புடி?"

அன்றிலிருந்து அவளோடு வாய் திறந்து பேசுவதை விட்டுவிட்டேன். உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டேன். ஊரில் பேய் போய்விட்டது என்றார்கள். பிள்ளை தெளிந்துவிட்டது, முன்னைக்கு இப்போது இன்னும் அடக்கம் என்றார்கள். அடக்கம்! இந்தச் சொல்லையும் நான் கசப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

பன்னிரண்டாவது முடித்து டைப்பும் கம்ப்யூட்டரும் படித்தேன். கள்ளக்குறிச்சியில் ஆபீசுகளும் கோர்ட்டும் இருக்கிற பக்கமாக ஒரு கடையில் மனு அடித்துக் கொடுக்கும் வேலை. பட்டா மாறவில்லை என்று வருவார்கள், ஓ.ஏ.பி. முதியோர் பணம் நின்றுவிட்டது என்று வருவார்கள், வாய்க்காலை அடைத்து வீடு கட்டிவிட்டான் என்று வருவார்கள். மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, எதிரில் நின்று, நெஞ்சில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள். அதை நான் ஒரு பக்கத்துக்குள் அடக்கி, கடைசியில் "தங்கள் சமூகத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிக்கவேண்டும். அதுதான் வழக்கம்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பாள். "அதெப்புடி? நெலத்தப் புடுங்கிக்கினவன் மீசய முறுக்கிக்கினு திரியறான். பறிகொடுத்தவன் தாழ்மையா கேக்கணுமா? அடி, நல்லா ஒறைக்கற மாதிரி அடி."

ஒருதரம் அவள் பேச்சைக் கேட்டு, ஒரு கிழவரின் மனுவில் தாழ்மையை எடுத்துவிட்டு "உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும்" என்று அடித்துவிட்டேன். கிழவரே படித்துப் பார்த்துப் பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். "இது இன்னாம்மா, சண்டைக்குப் போற மாதிரி இருக்குது?" முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீயாம்மா இப்படி?" என்றார். அந்த 'நீயா'வில் எனக்கு வந்த ஆத்திரம்! ஆனாலும் தாழ்மையைத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வளர்ந்த பிறகு அவளைப் பற்றி நானாக ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்.

கல்யாணமான புதிது. அவர் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிமலைக்குச் சாமான் ஏற்றிப் போகிற நாளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஏற்றத்தில் இன்ஜின் சூடானால் ஒரு வளைவில் நிறுத்தி, சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நிழலில் உட்காருவோம். பலாப்பழக் காலம். வழியில் வாங்கிய பழத்தை அவர் அறுத்துச் சுளை எடுத்துக் கொடுக்க, நான் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய வீடு, டீச்சர் நாற்காலி, புளிய விளாறு, எல்லாம். அவர் சிரிக்கவில்லை.  ஒரு சுளையை எடுத்து இலையில் வைத்து, என் பக்கத்தில் காலியாக இருந்த கல்லின்மேல் வைத்தார்.

"அவளுக்கும் ஒண்ணு குடு. அவ இல்லன்னா நீ ஏது?"

அந்த மனுஷனை நான் அவ்வளவு நேசித்தேன். அன்றைக்கு நேசித்தேன், பொய் சொல்லக்கூடாது. அவள் அந்தச் சுளையைத் தொடவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்த நாள் அதுதான். நல்லவர்களைக்கூட நம்பத் தெரியாத ஜென்மம் என்று திட்டினேன். அவள் வண்டியின் பின்பக்கம் ஏறிக் குந்திக்கொண்டாள்.

மகள் பிறந்தாள். வளர்ந்தாள். கணக்கு நன்றாகப் போடுவாள், சத்தமாகச் சிரிப்பாள். வகுப்பில் எதையாவது கேட்டுவிட்டு வந்து, டீச்சருக்கே பதில் தெரியவில்லை என்று பெருமையடிப்பாள். அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தாள். கூட அவள் புருஷன், இரண்டு சொந்தக்காரர்கள். தட்டில் பழம், பூ. எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. காபி போட்டுக்கொண்டு வரும்போதுதான் காதில் விழுந்தது.

"பரீட்ச முடிஞ்சதும் முடிச்சிடலாம் தம்பி. எம் புள்ள பொக்லைன் ஓட்டறான், வேல ஜாஸ்தி. வூட்டுல ஒரு பொண்ணு இருந்தா அவனும் ஒழுங்கா வூடு தங்குவான்."

"ஒம் மருமவதானே அக்கா. எப்ப வேணா கூட்டிக்கினு போ" என்றார் இவர்.

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பதினைந்து வயசு. நான் டம்ளர்களைக் கீழே வைத்தேன்.

"வேணாங்க. அவ படிக்கட்டும்."

என் வாயிலிருந்து 'வேணாம்' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புருஷன் இவரைப் பார்த்தார். இவருக்கு அவமானமாகிவிட்டது. அதை மறைக்கச் சிரித்தார்.

"அது பேசல மச்சான், அதுக்குள்ள இருக்கறவ பேசறா. சின்ன வயசுலேருந்தே இதுக்கு மூள கொஞ்சம் கொயம்பிப் போனதுதான். யாரும் இல்லாத எடத்துல ஒருத்திகூடப் பேசிக்கினு இருக்கும். ஒருதரம் மலையில நானே அவளுக்குப் பலாச்சொள வெச்சிக் குடுத்தேன்னா பாத்துக்கோயேன்!"

சிரித்தார்கள். தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், "அய்யய்யோ, இத எங்கிட்ட சொல்லவே இல்லியே தம்பி" என்று வாயில் கைவைத்தாள்.

பதினாறு வருஷமாக அந்தப் பலாச்சுளையை நான் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். அவர் எத்தனையோ முறை கைநீட்டியிருக்கிறார், குடித்துவிட்டு வந்திருக்கிறார். அப்போதெல்லாம் அந்தச் சுளையை நினைத்துத்தான் போகட்டும் என்று விட்டேன். அதை எடுத்து நாலு பேர் நடுவில் இப்படிப் போட்டார். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். நெட்டி முறிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

மகள் கேட்டாள். "நெஜமாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பா சும்மா விளையாடுகிறார் என்று சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

"நெஜம்தான்" என்றேன். "இருக்கா. எங்க ஆத்தா அப்பன் யாரும் எங்கூட இல்லாதப்ப அவதான் இருந்தா. ஆனா இப்பப் பேசறது அவ இல்ல, நான். எம் பொண்ண எவனுக்கும் குடுக்கமாட்டேன். பைத்தியம்தான் சொல்லுதுன்னு வெச்சிக்கினு எழுந்து போங்க."

அவர்கள் எழுந்து போகவில்லை. இவர் என்னை அடித்தார், எல்லோரும் பார்க்க. மகள் குறுக்கே வந்து விழுந்தாள். அப்புறம் அக்கா நடுவில் புகுந்து, "அடிக்காதடா, அது நோயி, வைத்தியம் பாக்கணும்" என்று நியாயம் பேசினாள். எனக்குப் புத்தி சரியில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் சொல்வதை யார் கேட்பார்கள்? அதுதான் அக்காவின் கணக்கு. கல்யாணத்துக்கு முன்பே என்னைப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடவேண்டும் என்று முடிவாயிற்று.

இந்தக் கையால் எத்தனை பேருக்கு மனு அடித்திருக்கிறேன்! குழந்தைத் திருமணத்தை நிறுத்தச் சொல்லிக்கூட அடித்திருக்கிறேன். எனக்கென்று ஒன்று அடிக்க விரல் வரவில்லை. இரண்டு நாள் கடையில் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவரும் அவர் அக்காவும் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மனநல டாக்டர் சின்னப் பெண். எனக்கொரு தங்கை இருந்தால் அந்த வயசுதான் இருக்கும். இவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார். அக்காவுக்குப் போக மனமில்லை. டாக்டர் கதவைக் காட்டினார்.

"அவங்க இப்ப இங்க இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கா. அந்த எடை பாக்கற மிஷின் மேல நிக்கறா."

டாக்டர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நீங்களே நெனச்சு உண்டாக்கினவங்கதான் அவங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. மொதல்லேருந்தே தெரியும்."

"யாரையாவது அடி, வெட்டுன்னு சொல்வாங்களா? உங்களயே ஏதாவது பண்ணிக்கச் சொல்வாங்களா?"

"இல்லீங்க. கேள்வி கேக்கச் சொல்லுவா."

"இப்ப என்ன கேக்கச் சொல்றாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நீயே சொல் என்பது போல.

"எம் பொண்ணு பத்தாவது படிக்குதுங்க. பதினஞ்சு வயசு. பரீட்ச முடிஞ்சதும் கல்யாணம்னு வெச்சிருக்காங்க. நான் வேணாம்னேன். அதுக்குத்தான் இங்க கூட்டியாந்திருக்காங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "உங்க வைத்தியத்த அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

வெளியே பெஞ்சில் இவர்கள் என்ன மாத்திரை தருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். சாயந்திரம் எங்கள் தெருவில் ஜீப் வந்து நின்றது. சமூகநல ஆபீசிலிருந்து இரண்டு பேர், ஒரு போலீஸ் அம்மா. பதினெட்டு முடியாமல் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். அவர் கையெழுத்துப் போட்ட நேரம் அவர் அக்கா மண்ணை வாரித் தூற்றிவிட்டு எலவனாசூர்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகள் இப்போது பதினொன்றாவது. அவர் ஒரே வீட்டில் இருக்கிறார், என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. அம்மா வந்து, "போவட்டும் வுடும்மா, கட்டினவன்தானே, நீதான் பொறுத்துப் போவணும்" என்றாள். பேயோட்டியின் மரத்தடியில் அழுத அதே முகம்.  என்னுடையவள் எங்கோ மூலையில் காலை நீட்டிக் குந்தியிருந்தாள். அன்றைக்கு நானே நெட்டி முறித்தேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் போனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பையனுக்கு மலையில் பெண் பார்த்து நாளும் வைத்துவிட்டார்களாம். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர். தாய் தகப்பன் மிளகு பறிக்கக் கேரளா போனவர்கள், பெண் மாமன் வீட்டில் இருக்கிறதாம். "வயசு இன்னா, பதினாலு பதினஞ்சு இருக்கும். மலைதானே, எவன் வந்து கேக்கப்போறான்?" என்று சிரித்தார்.

நான் சேலையை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டேன்.

"எங்க போற?" பத்து மாசம் கழித்து அவர் என்னிடம் பேசியது அதுதான்.

"சமூகநல ஆபீசுக்கு."

"ஒம் பொண்ணுதான் தப்பிச்சிடுச்சே? அது யாரோ எவரோ, ஒனக்கு இன்னா வந்தது?"

 போகிற வழியில் கடையில் உட்கார்ந்து என் மனுவை நானே அடித்தேன். தாழ்மை என்ற சொல் அதில் இல்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, பிரிண்டரில் காகிதம் வைத்துக் கொடுத்தார்.

ஜீப் மலை ஏறியது. விடிந்தால் தாலி என்றிருந்த நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். பெண்ணைக் கீழே அழைத்துவந்து விசாரித்தார்கள். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் நான், பக்கத்தில் அவள். உள்ளே அக்கா வீட்டார் சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை வெளியே கூட்டிவந்து என் எதிரில் நிறுத்திவிட்டு, "இவங்கதான்மா சொன்னது" என்றார் ஆபீசர் அம்மா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நலங்கு வைத்த மஞ்சள் அந்தப் பெண்ணின் கழுத்தில் காய்ந்து வெடித்திருந்தது. சேலை தடுக்கத் தடுக்க நடந்து வந்தாள்.

கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"நீங்க யாரு?"

"நான்... ஒனக்குச் சொந்தமில்லம்மா. இந்த வயசுல ஒனக்குக் கல்யாணம் வேணாம்னுதான்..."

"வேணாம்னு நான் ஒங்ககிட்ட சொன்னேனா?"

"அப்ப, ஒனக்கு அந்தப் பையன இஷ்டமா?"

"எனக்கு எது இஷ்டம்னு யாரு கேட்டா?" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. உள்ளே சத்தம் நின்றுவிட்டது. "மாமா கேக்கல. அவங்க வூட்டுல கேக்கல. ஜீப்புல வந்தவங்க கேக்கல. நீங்களும் கேக்கல. எல்லாரும் நீங்களே பேசி நீங்களே முடிவு பண்றீங்க. எங்கம்மா எங்க? எங்கம்மாவ வரச்சொல்லுங்க மொதல்ல!"

ஆபீசர் அம்மா, "ஏய், அவங்க ஒனக்கு நல்லது பண்ணியிருக்காங்க, இப்படியா பேசுவ?" என்று அதட்டினார்.

"அவள அதட்டாதீங்க" என்றேன். "அவ கேக்கறது சரிதான். அவங்க அம்மாவுக்குப் போன் போடுங்க."

அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, விழவிடவில்லை. பக்கத்தில் என்னுடையவளைத் திரும்பிப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து, அந்தப் பெண் உட்கார இடம் விட்டாள்.